'எஸ் சார்' என்பது மரியாதையா?

(கடலூர், சிதம்பரம் பகுதித் தோழர்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், இங்கிலீஷில் சம்பாஷிக்கும்போது ஒருவருடைய அபிப்பிராயத்தை ஒப்புக்கொள்வதையும், ஒப்புக்கொள்ள மறுப்பதையும் மரியாதையாய்ச் சொல்வது எப்படி என்பதாகும். இதைக் கேட்டவுடன், "சாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது நியாயந்தான். ஆனால் கொஞ்சம் பொறுமையாய்க் கேட்பீர்களேயானால், இது வெறும் பாஷை விஷயமல்ல, ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு முன் எப்படி நிற்கிறான் என்கின்ற விஷயம் என்பது விளங்கும்.

இங்கிலீஷ் பேச நேர்ந்தால் நம்மவர்கள் இரண்டு விதமாய் நடந்துகொள்வதைப் பார்க்கிறோம். ஒரு கூட்டத்தார், எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் "எஸ் சார், எஸ் சார்" என்று தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் "அவர் சொன்னது சுத்த அபத்தம்" என்று தெருவில் நின்று பேசுவார்கள். மற்றொரு கூட்டத்தார், தங்களுக்குப் பிடிக்காததைக் கேட்ட மாத்திரத்தில் "யூ ஆர் ராங்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, அதையே தைரியம் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலாவது அடிமைத்தனம், இரண்டாவது முரட்டுத்தனம். இரண்டினாலும் காரியம் நடப்பதில்லை. முதலாமவர் மனதிலிருப்பது எதிரிக்குத் தெரியாமலே போகின்றது. இரண்டாமவர் சொல்வது தெரிந்தும், அதைக் கேட்க எதிரிக்கு மனமில்லாமல் போகின்றது.

ஆகவே, மரியாதை வேறு, அடக்கம் வேறு, அடிமைத்தனம் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மறுக்கத் தெரியாதவன் ஒப்புக்கொண்டதற்கு மதிப்பு ஏது? "இல்லை" என்று சொல்லச் சக்தியில்லாதவன் "ஆம்" என்று சொன்னால் அது அபிப்பிராயம் ஆகுமா? கிளிப்பிள்ளையின் "ஆம்" என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த வழக்கம் எப்படி வந்தது?

இந்தப் பக்கத்தில் இங்கிலீஷ் எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார், கெடிலம் ஆறு கடலில் கலக்குமிடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்திலிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதற்குத்தான் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையிலுள்ள கிராமங்களெல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம் என்பது ஏற்பாடு. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, கம்பெனிக்கு இந்தக் கரையில் தலைமை இடமாகச் சில ஆண்டுகள் இருந்ததும் இந்தக் கோட்டைதான்.

அப்படிப்பட்ட இடத்தில் இங்கிலீஷ் முதன்முதல் யாருக்கு வேண்டியிருந்தது? துபாஷிக்கு வேண்டியிருந்தது. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். அவருக்கு அடுத்தபடி சமையற்காரனுக்கும் பங்களா வேலைக்காரனுக்கும் வேண்டியிருந்தது. பிற்பாடு மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரி வந்தபோது குமாஸ்தாவுக்கு வேண்டியிருந்தது. இவர்களில் எவருக்காவது துரையுடன் வாதம் செய்ய இங்கிலீஷ் வேண்டியிருந்ததா? கட்டளையைக் கேட்டுக்கொள்ளவும், "ஆகட்டும்" என்று சொல்லவுமே அது வேண்டியிருந்தது. ஆகையால் நமக்குக் கிடைத்த இங்கிலீஷ் முக்கால்வாசி "எஸ் சார்" இங்கிலீஷாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அக்காலத்தில் இங்கிலீஷ் சர்க்கார் கடிதங்களின் முடிவில், "தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்" என்று அர்த்தப்படும்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். ஒரு துரை மற்றொரு துரைக்கு அப்படித்தான் எழுதுவார். எழுதுகிறவரும் தம்மை ஊழியன் என்று நினைப்பதில்லை; படிக்கிறவரும் அப்படி நினைப்பதில்லை. அது வெறும் சடங்கு. ஆனால் நம்முடைய குமாஸ்தா அதே வாசகத்தை எழுதியபோது, எழுதினவரும் நிஜமென்று நம்பினார், வாங்கினவரும் நிஜமென்று நம்பினார். வார்த்தை ஒன்றுதான். ஆனால் அவர்களுக்குள் அது சமமானவர்களின் உபசாரம். நம்மிடத்தில் அதுவே அடிமைச் சீட்டு. ஆகவே கோளாறு பாஷையில் இல்லை, பேசுகிறவர்களுடைய நிலைமையில் இருக்கின்றது என்பதை உணர வேண்டும்.

நாளைப் போவார்

பழியை எல்லாம் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? அவன் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்முடைய தமிழில் "உத்தரவு" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாய் விட்டதே! இந்தச் சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதனூர் நந்தனுடைய கதையை அறியாதவர் இங்கு யார்? பெரியபுராணத்தின்படி அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். எதனால் அந்தப் பெயர்? தில்லைக்குப் போகவேண்டுமென்ற ஆசை ஒரு பக்கம், தம்முடைய பிறப்பு அதற்கு இடங்கொடாது என்ற பயம் ஒரு பக்கமாக, "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே காலம் கழித்ததால் அந்தப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையைக் கீர்த்தனையாகச் செய்தபோது, உத்தரவு கொடுக்காத ஒரு பார்ப்பனப் பண்ணையாரையும் கொண்டுவந்து சேர்த்தார்.

பக்தியைப் பற்றி இப்போது நான் பேச வரவில்லை. பேச்சைப் பற்றித்தான் கேட்கிறேன். "நான் ஏன் போகக்கூடாது?" என்று கேட்க அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை இருந்ததா? "நீங்கள் சொல்வது எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்ல ஒரு வாக்கியம் இருந்ததா? "நாளை" என்ற ஒரு சொல்தான் மிச்சம். மறுக்க வகையில்லாதவனுடைய மறுப்புக்குத்தான் "நாளை" என்று பெயர். இன்றைக்கும் நம் ஜனங்கள், முடியாது என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் "பார்க்கலாம்", "ஆகட்டும்", "நாளைக்கு வாங்க" என்று சொல்லுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜாநந்தர் நந்தன் பெயராலேயே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அவருடைய சமயக் கொள்கை வேறு, நம்முடைய கொள்கை வேறு. ஆனால் "நாளை" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்து "இன்று" என்று சொல்லவைத்த காரியத்தை நாம் மனதாரப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொரு சங்கதியும் பாருங்கள். தமிழில் எதிரிலிருப்பவரை அழைக்க நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாய் வார்த்தை வைத்திருக்கிறோம். எந்த வார்த்தை யாருக்கு என்பதைப் பெரும்பாலும் வயதும் அறிவுமா தீர்மானித்தன? சாதியும் பணமுந்தானே தீர்மானித்தன? அறுபது வயதுப் பண்ணையாளைப் பத்து வயதுச் சிறுவன் "வாடா" என்று அழைத்ததை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். இங்கிலீஷில் ராஜாவின் மந்திரிக்கும் "யூ", தெருக் கூட்டுகிறவருக்கும் "யூ". அங்கும் ஒரு காலத்தில் "தௌ" என்று தாழ்ந்த வார்த்தையும் "யூ" என்று உயர்ந்த வார்த்தையும் தனித்தனியாய் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கூட்டத்தார், பெரிய மனிதருக்கு முன் தொப்பியைக் கழற்றமாட்டோம், எல்லோரையும் ஒரே வார்த்தையால்தான் அழைப்போம் என்று பிடிவாதமாய் நின்று, அதற்காக அடிபட்டார்கள், சிறைக்கும் போனார்கள். நம்முடைய இயக்கமும் 1929-இல் செங்கல்பட்டு மாகாண மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. 1932-இல் பெரியார் அய்ரோப்பாவிலிருந்து திரும்பி வந்தபின், "தோழர்" என்ற ஒரே வார்த்தையால் எல்லோரையும் அழைக்கும்படி சொன்னார். அழைக்கும் வார்த்தை சமமானால்தான் மறுக்கும் வார்த்தைக்கும் இடம் உண்டாகும்.

ஒப்புக்கொள்வதிலும் சூக்ஷ்மம் உண்டு

நிற்க, விஷயத்துக்கு வருகிறேன். ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம், "எஸ்" என்றால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அதில்தான் நம்மவர்கள் அதிகமாய் வழுக்கி விழுகிறார்கள்.

"என் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லையா?" என்று ஒருவர் தமிழில் கேட்டால், கிடைக்காதவர், "ஆமாங்க, கிடைக்கவில்லை" என்பார். கேட்டவருடைய வாக்கியம் சரி என்பது அந்த "ஆமாம்" என்பதற்கு அர்த்தம். அதே கேள்வி இங்கிலீஷில் வந்தால் அதே ஞாபகத்தில் "எஸ்" என்று விடுகிறோம். இங்கிலீஷ்காரர் காதில் அது "கிடைத்தது" என்று விழும். அந்தப் பாஷையில் கேள்வி எப்படி இருந்தாலும், காரியம் நடந்திருந்தால் "எஸ்", நடக்காதிருந்தால் "நோ". சாட்சிக் கூண்டில் நிற்பவர் இந்த ஒரு வார்த்தையில் தவறினால், சாட்சியமே தலைகீழாய்ப் போய்விடும். ஆகையால் ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், "நோ, அய் ஹாவ் நாட்" என்று முழுவதும் சொல்லிவிடுவது நல்லது.

அதுபோலவே, ரயிலில் ஒருவர் "டூ யூ மைண்ட் இஃப் அய் சிட் ஹியர்?" என்று கேட்பார். "நான் இங்கே உட்காருவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று அர்த்தம். நாம் உபசாரமாய் நினைத்து "எஸ், எஸ்" என்போம். "ஆட்சேபணை உண்டு, உட்காராதே" என்று சொன்னதாய் ஆகிவிடும். அங்கே "நாட் அட் ஆல்" என்பதுதான் உபசாரம்.

தலையாட்டுவதும் அப்படியே. நாம் சம்மதத்துக்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் ஆட்டுகிறோம். மேல்நாட்டாருக்கு அது "இல்லை" என்பதுபோல் தோன்றும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வழக்கம் நமக்கு, அவர் வழக்கம் அவருக்கு. ஆனால் தலையோடு வாயும் பேசினால் சந்தேகமில்லாமல் போகும்.

சந்தேகம் என்றதும் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. நம் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கவேண்டுமானால் எழுந்து நின்று "அய் ஹாவ் எ டவுட்" என்கிறார்கள். தமிழில் "ஒரு சந்தேகம்" என்பது பணிவான கேள்வி. இங்கிலீஷிலோ "டவுட்" என்றால் நம்பிக்கை இல்லை என்பது பொருள். பேசியவர், "என் சொல்லை இவன் நம்பவில்லை போலும்" என்று நினைத்துக்கொள்வார். கேள்விக்கு "மே அய் ஆஸ்க் எ க்வெஸ்சன்?" என்பதே போதும். "டவுட்" என்ற சொல்லை நிஜமாகவே நம்பிக்கையில்லாதபோது எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய இயக்கத்தாருக்கு அதற்கும் வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்!

மனப்பூர்வமாய் ஒப்புக்கொள்ளும்போது "எஸ் சார்" என்பதைவிட, "அய் அக்ரீ" என்றோ, "அய் திங்க் ஸோ டூ" என்றோ சொல்லி, ஏன் ஒப்புக்கொள்கிறோம் என்று ஒரு காரணமும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணத்தோடு வரும் சம்மதத்துக்குத்தான் கௌரவம். பாதி மாத்திரம் சம்மதமானால் பாதியென்றே சொல்லுங்கள்: "அப் டு எ பாயிண்ட்" என்றால், "ஒரு அளவுக்குச் சரி" என்பது பொருள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லது எல்லாவற்றையும் தள்ள வேண்டும் என்கின்ற சட்டம் எங்கும் கிடையாது.

மறுப்பது எப்படி?

இனி மறுப்பு. இதற்கு நான் நான்கு படிகள் சொல்லுவேன்.

முதலாவது, எதிரி சொன்னதை அவர் சொன்னபடியே திருப்பிச் சொல்லுங்கள். "நீங்கள் சொல்வது இன்னது என்று விளங்கிக்கொண்டேன், சரிதானா?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும். ஏனெனில் பாதிச் சண்டை, சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொள்வதால் வருவது.

இரண்டாவது, அதில் சரியான பாகம் எதுவோ அதை ஒப்புக்கொள்ளுங்கள். "அய் ஸீ வாட் யூ மீன்", "தட் மே பி ஸோ" என்பவை இதற்குரியவை. ஒன்றும் சரியில்லையென்றால் பொய்யாய் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, வித்தியாசத்தைச் சொல்லுங்கள். இங்கே "யூ" என்று ஆரம்பிக்காமல் "அய்" என்று ஆரம்பியுங்கள். "யூ ஆர் ராங்" என்றால் ஆளைத் தாக்குவதாகும். "அய் டோண்ட் அக்ரீ வித் தட்" என்றால் கருத்தைத்தான் மறுப்பதாகும். "அய் ஆம் அஃப்ரெய்ட் அய் டிஸ்அக்ரீ" என்று சொல்வதும் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் "பயப்படுகிறேன்" என்று வரும். ஆனால் அதில் பயம் ஒரு கடுகளவும் கிடையாது. "வருத்தந்தான், ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை" என்பதே கருத்து. "அய் பெக் டு டிஃபர்" என்று பழைய கச்சேரி வாசகம் ஒன்று இருக்கிறது. "பெக்" என்றால் பிச்சை கேட்பது. மாறுபடுவதற்குப் பிச்சை கேட்பானேன்? அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நான்காவது, காரணத்தைச் சொல்லி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று எதிரிக்கு வாய் கொடுங்கள். காரணமில்லாத மறுப்பு பிடிவாதம். பதிலுக்கு இடங்கொடாத மறுப்பு உபந்நியாசம்.

லண்டன் பார்லிமெண்டில் அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கடுமையாய்த் தாக்கிப் பேசுகிறார்கள் என்பது உலகறிந்தது. ஆனாலும் அங்கே ஒரு அங்கத்தினர் எதிரியை நேரில் விளிக்காமல், சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். எதிரியைப் "பொய்யன்" என்று சொன்னால் வார்த்தையை வாபஸ் வாங்கவேண்டியதுதான். கோர்ட்டிலும் எதிர் வக்கீலை "படித்த நண்பர்" என்று சொல்லிக்கொண்டேதான் அவருடைய கேஸைத் தவிடுபொடியாக்குகிறார்கள். மரியாதையினால் மறுப்பின் பலம் குறைவதில்லை, கூடுகின்றது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மெதுவான வார்த்தையின் ஆபத்து

ஆனால் தோழர்களே, இதற்கு ஒரு எல்லை உண்டு. வார்த்தையை மெதுவாக்கப் போய், விஷயத்தையே மெதுவாக்கிவிடக் கூடாது.

1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்திலிருந்து ஒரு ஆகாய விமானம் நியூயார்க்குக்கு வந்தது. இறங்க இடமில்லாமல் நெடுநேரம் வானத்திலேயே வட்டமிட வேண்டியிருந்தது. எண்ணெய் தீர்ந்துகொண்டு வந்தது. விமானத்தில் இருந்தவர்களுக்குச் சொந்த பாஷை ஸ்பானிஷ். கீழே இருந்த அதிகாரிகளோடு பேசவேண்டியது இங்கிலீஷில். எண்ணெய் தீர்கின்றது என்று சொன்னார்களே தவிர, "இது அபாயம், உடனே இறங்க வேண்டும்" என்பதற்குரிய வார்த்தையைச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு எண்ணெய்க்குச் சரிப்படுமா என்று கீழிருந்து கேட்டபோதுகூட, "சரிப்படும் என்று நினைக்கிறேன், மிகவும் வந்தனம்" என்கின்ற தோரணையில் பதில் போயிற்று. சிறிது நேரத்தில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். எண்ணெய் தீர்ந்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய வார்த்தையில் சொல்லாததும் ஒரு பெரிய காரணம் என்று விசாரணையில் வெளியாயிற்று. இப்போது விமான உத்தியோகத்தில் சேருகிறவர்களுக்கு, மேலதிகாரியை மறுத்துப் பேசுவதற்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள்.

இது எங்கோ நடந்த கதையென்று இருந்துவிடாதீர்கள். கடலூருக்குத் தெற்கே இரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பல ஊர்த் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் அரபு நாடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். மேலே இருப்பவர் இங்கிலீஷில், "அந்த வால்வைத் திற" என்கிறார். அது கசிவது நம் பிள்ளைக்குத் தெரிகிறது. அப்போது அவன் வாயில் "எஸ் சார்" மாத்திரம் இருந்தால் என்ன ஆகும்? "சார், தட் வால்வ் ஈஸ் லீக்கிங். வி மஸ்ட் நாட் ஓபன் இட்" என்ற இரண்டு சின்ன வாக்கியம் அவனுக்குத் தெரிந்திருந்தால், அவனும் பிழைப்பான், "திற" என்று சொன்னவரும் பிழைப்பார். ஆகவே உபசாரத்துக்கு ஒரு வார்த்தை, அபாயத்துக்கு ஒரு வார்த்தை என்று இரண்டும் கையில் இருக்க வேண்டும். மனிதனிடத்தில் மெதுவாயிருங்கள்; விஷயத்தில் மெதுவாயிராதீர்கள்.

ஒரு மெதுவான வார்த்தையினால் இந்தச் சிதம்பரத்துக்கே என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லுகிறேன். இந்தி பேசாத மக்கள் வேண்டுமென்று விரும்பும் வரையில் இங்கிலீஷ் இருக்கும் என்று 1959-இல் பிரதமர் நேரு வாக்குக் கொடுத்தார். 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, இந்தியோடு இங்கிலீஷும் தொடர்ந்து இருக்கலாம் என்று அர்த்தப்படும்படி "மே" என்ற வார்த்தையைப் போட்டார்கள். "மே" என்றால் இருக்கலாம். இருக்கலாம் என்றால் இல்லாமலும் போகலாமல்லவா? "ஷல்" என்று போடுங்கள், அதாவது "இருக்கவேண்டியது" என்று எழுதுங்கள் என்று நம்மவர்கள் கேட்டார்கள். இந்த இடத்தில் "மே" என்றாலும் "ஷல்" என்றாலும் பொருள் ஒன்றுதான் என்று நேரு சொன்னார். அப்போது ராஜ்யசபையில் அங்கத்தினராயிருந்த அண்ணாதுரை அவர்கள், இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றால், "ஷல்" என்றே போட்டுவிடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டார்.

தோழர்களே! மரியாதையாய் மறுப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது? எதிரியைப் பொய்யன் என்று சொல்லவில்லை. அவர் சொன்னதையே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அதன் முடிவு எங்கே போகின்றது என்பதை அவருக்கே காட்டினார். வார்த்தையில் கடுமை ஒன்றுமில்லை. தப்பித்துக்கொள்ள வழியும் இல்லை.

கேட்டபடி அன்றைக்குக் கொடுக்கவில்லை. 1965 ஜனவரி 26-இல் இந்தி ஆட்சிமொழியாய் வந்தது. மாணவர்கள் கிளம்பினார்கள். மறுநாள் ஜனவரி 27-இல், இந்தச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீசார் துப்பாக்கிக்குப் பலியானார். 1967-இல் சட்டத்தைத் திருத்தியபோது, இந்தியை ஏற்றுக்கொள்ளாத மாநிலத்துக்கும் மத்திய சர்க்காருக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு இங்கிலீஷ் "ஷல்" என்று எழுதப்பட்டது. மரியாதையாய்ச் சொன்ன மறுப்பை மதித்துக் கேட்கச் சர்க்காருக்குத் தெரியாமல் போனதால், ஒரு வாலிபருடைய உயிர் போன பின்பு அந்த வார்த்தை வந்தது. ஆகவே மறுக்கக் கற்பது எவ்வளவு அவசியமோ, மறுப்பைக் கேட்கக் கற்பதும் அவ்வளவு அவசியமாகும்.

எதிரி மரியாதை இல்லாதவனானால்?

"நாம் மரியாதையாய்ப் பேசினாலும் எதிரி மரியாதை இல்லாமல் நடந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். அதற்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. 1944-இல் கடலூரில் கூட்டத்தில் பேசிவிட்டுப் பெரியார் ரிக்ஷாவில் திரும்புகையில் அவர்மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அவர் வைததாகவோ போலீசைக் கூப்பிட்டதாகவோ சரித்திரமில்லை. ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் உதவாது, தமக்கும் உதவாது என்று வண்டியைத் திருப்பச் சொல்லி மற்றொரு செருப்பையும் தேடினார். 1972-இல் அந்த ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது. செருப்பெறிந்தவனுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வார்த்தை இல்லாததால் செருப்பைக் கையில் எடுத்தான். வார்த்தை தீர்ந்த இடத்தில்தான் செருப்பும் தடியும் கையில் வருகின்றன.

எதிர்க் கட்சியாரிடம் நல்லது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராயிருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருக்கும் நமக்கும் கொள்கையில் எவ்வளவோ தூரம். ஆனால் இங்கிலீஷ் பேச்சில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் மிகச் சிலரே என்பதை மறைப்பானேன்? அவர் காந்தியாரின் ஒத்துழையாமையை வெளிப்படையாய் எதிர்த்தவர். அப்படியிருந்தும் இருவருடைய சிநேகிதமும் கெடவில்லை. 1946-இல் சாஸ்திரியார் மரணப் படுக்கையில் இருந்தபோது காந்தியார் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அபிப்பிராயம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துக்கொண்டவர்களுக்குத்தான் இது முடியும்.

செய்யவேண்டியது என்ன?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இங்கிலீஷில் மரியாதையாய் மறுக்கவேண்டுமானால் முதலில் தமிழில் மறுத்துப் பழக வேண்டும். வீட்டில் மனைவி, "நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை" என்றால், "எதிர்த்தா பேசுகிறாய்?" என்று கேட்கிற புருஷன், ஆபீசில் போய் இங்கிலீஷில் மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்ப்பது வீண். அவன் கீழே இருப்பவரை அடக்குவான், மேலே இருப்பவருக்கு அடங்குவான். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அடிக்கிற தகப்பன், அந்தப் பிள்ளைக்கு எத்தனை பணம் கட்டி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும், அவன் "எஸ் சார்" மாத்திரமே கற்றுக்கொண்டு வருவான்.

ஆகவே, வாரத்துக்கு ஒரு நாள் பத்துத் தோழர்கள் ஓரிடத்தில் கூடுங்கள். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் இங்கிலீஷில் ஒரு கருத்தைச் சொல்லட்டும். மற்றவர் நான் சொன்ன நான்கு படிகளில் மறுக்கட்டும். பிறகு கட்சி மாறிப் பேசட்டும். இலக்கணம் தவறினால் சிரிக்காதீர்கள். பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

நான் சொன்னதில் எது உங்கள் அறிவுக்குச் சரியென்று படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எது சரியில்லையோ அதை இங்கேயே எழுந்து மறுங்கள். தமிழில் மறுத்தாலும் சரி, இங்கிலீஷில் மறுத்தாலும் சரி, காரணத்தோடு மறுங்கள். "நன்றாய்ப் பேசினீர்கள்" என்று சொல்லிவிட்டு நாலுபேர் கலைந்து போவதைவிட, "இந்த இடம் எனக்குச் சம்மதமில்லை" என்று ஒரே ஒருவர் எழுந்து சொல்வாரானால், அதுதான் நான் பேசினதற்குப் பலன் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.